நாலு சந்தனப் பொட்டு

எனக்குக் கறி ஆகாது. திண்டுக்கல் மாவட்டத்தில் பிறந்து, அறுபத்தாறு வயது வரை ஒரு கவளம் பிரியாணி தின்னாத ஆள் என்று கல்யாண வீடுகளில் என்னை விரல் நீட்டிக் காட்டுவார்கள். துப்பாக்கி லைசென்ஸ் வைத்திருக்கிறவன் ரசம் சாதப் பந்தியில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். நானே என்னைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன்.

இன்ஸ்பெக்டர் அன்புக்கரசி அம்மா அவர்களுக்கு, சேவுகம்பட்டி அழகர் எழுதுவது. என் மருமகன் பிரபு இறந்தது சம்பந்தமாக நீங்கள் நீதிமன்றத்துக்கு அனுப்பிய அறிக்கையை வக்கீல் ஸ்டான்லி படித்துக் காட்டினார். நல்ல அறிக்கை. என்னைப் பற்றி ‘வயது முதிர்ந்தவர், சாந்தமான சுபாவம், ஊரில் நற்பெயர்’ என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெண் கொடுத்த வீட்டார்கூட இவ்வளவு நல்லதாகச் சொன்னதில்லை. கவனக்குறைவால் ஏற்பட்ட மரணம் என்று வழக்கு. வயதைப் பார்த்து அபராதத்தோடு விட்டுவிடுவார்கள் என்கிறார் ஸ்டான்லி.

ஆனால் நாலாம் பக்கத்தில் ஒரு பிழை இருக்கிறது. ‘பழுதடைந்த, பழைய ரகத் துப்பாக்கி. பொதுப் பாதுகாப்பை முன்னிட்டு அழிக்கப் பரிந்துரைக்கப்படுகிறது’ என்று எழுதியிருக்கிறீர்கள். அது பழுதான துப்பாக்கி இல்லை அம்மா. அதைத் திருத்தத்தான் இதை எழுதுகிறேன். போலீஸிடம் எழுதிக் கொடுப்பது கோர்ட்டில் செல்லாது என்று வேறேதோ கேஸைப் பற்றிப் பேசும்போது ஸ்டான்லி சொன்னார். அதனால் மாஜிஸ்திரேட் ஐயாவுக்கும் ஒரு பிரதி தபாலில் போட்டிருக்கிறேன்.

துப்பாக்கியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் அப்பா தாண்டிக்குடி மலையில் ஒரு காப்பித் தோட்டத்தில் ஜீப் ஓட்டினார். தோட்டத்துக்காரர் ஊரைக் காலி செய்தபோது சட்டப்படி அதை அப்பா பெயருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். அப்பாவுக்குப் பிறகு எனக்கு. முப்பத்தொரு வருடம் என் பெயரில் இருந்தது. பயிர்ப் பாதுகாப்புக்கு என்று லைசென்ஸ்.

அது லீவர் துப்பாக்கி. விசையைச் சுற்றி வளையம் போல ஓர் இரும்புக் கைப்பிடி இருக்கும். அதைக் கீழே தள்ளினால் சுட்ட தோட்டாவின் கூடு மேலே துள்ளி வெளியே விழும். திரும்ப மேலே இழுத்தால் அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும், பின்னால் குதிரை நிமிர்ந்து நிற்கும். குதிரை என்பது கட்டைவிரல் அகலத்தில் ஒரு சின்னச் சுத்தியல். விசையை அழுத்தினால் அது விழுந்து தோட்டாவை அடிக்கும். தோட்டாக்கள் சுடும் குழலுக்கு அடியில் இன்னொரு மெல்லிய குழாயில் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்திருக்கும். இவ்வளவுதான். சமையலறையில் தேங்காய் துருவுகிற சாமானில்கூட இதைவிடச் சிக்கல் அதிகம்.

ஆனால் இப்போது உலகம் முழுக்க இந்த ரகத்துக்குத் திரும்பவும் கிராக்கி. வேட்டைக்கு அனுமதியுள்ள தேசங்களில் மான் சுடப் போகிறவர்கள் புதுசு புதுசாக இருப்பதை எல்லாம் வீட்டில் வைத்துவிட்டு இதைத்தான் தோளில் போட்டுப் போகிறார்களாம். பிரபு போனில் வீடியோ வீடியோவாகக் காட்டுவான். “மாமா, பாருங்க. இருவத்தஞ்சு வயசுப் பயலுக எல்லாம் ஒங்க துப்பாக்கிய வச்சிருக்கானுக” என்பான். ஏன் என்று அவனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். புதுத் துப்பாக்கி எல்லாவற்றையும் தானே செய்துகொள்கிறது. மனிதன் ஒரு விரலைக் கொடுத்தால் போதும். இது அப்படி விடாது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் கை முழுசாகப் போய்த் திரும்ப வேண்டும். யோசிக்க நேரம் தரும், பயப்பட நேரம் தராது. அந்த இடைவெளியைச் சரியாக அளந்து வைத்தவன் யாரோ, அவன் மனிதர்களை நன்றாகப் படித்தவன். அதோடு அந்தச் சத்தம். பித்தளை வெற்றிலைப்பெட்டியைத் திறந்து மூடுகிற மாதிரி இரண்டு சத்தம். கேட்டவர்கள் இன்னொரு தடவை கேட்க வேண்டும் என்பார்கள்.

அதை வைத்து நான் என்ன சாதித்தேன் என்று கேட்டால், ஆகாயத்தைச் சுட்டேன். மக்காச்சோளக் கொல்லைக்குள் பன்றி இறங்கினால் வானத்தைப் பார்த்து ஒரு தடவை. என்னால் உயிரைக் கொல்ல முடியாது. முதல் சில வருடங்கள் பன்றிகள் மரியாதைக்கு ஓடின. பிறகு அவையும் என்னைப் புரிந்துகொண்டன. கடைசியாக நான் சுட்டபோது ஒரு தாய்ப்பன்றி தலையைத் தூக்கி, மாமாதான் வந்திருக்கிறார் என்பது போலக் குட்டிகளைப் பார்த்துவிட்டுக் கதிரைத் தொடர்ந்து தின்றது.

துப்பாக்கிக்கு மரியாதை கிடைத்த இடம் ரைஃபிள் கிளப்தான். திண்டுக்கல்லுக்கு வெளியே ஒரு பழைய கல்குவாரிப் பள்ளத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூடுவார்கள். டாக்டர்கள், மில்லுக்காரர்கள் பிள்ளைகள், ஒரு காலேஜ் புரொபசர். மீரான் அங்கே செயலாளர், எனக்கு இருபது வருடச் சிநேகிதர். ஆளுக்கொரு புதுத் துப்பாக்கி கொண்டுவருவார்கள். ஆனால் நான் உறையைத் திறந்ததும் எல்லாரும் அதை அப்படியே பெஞ்சில் போட்டுவிட்டு என்னிடம் வந்துவிடுவார்கள்.

“அழகரண்ணே, ஒரே தடவ.”

“போன வாரமும் ஒரே தடவன்னுதான் டாக்டர் சொன்னீங்க. இது என்ன ஊசியா, வாரா வாரம் போட?”

சிரிப்பார்கள். நான் பக்கத்தில் நின்று லீவரை எப்படிப் பிடிப்பது, சுடாமல் குதிரையை எப்படி இறக்குவது என்று சொல்லிக் கொடுப்பேன். குதிரையை இறக்குவதுதான் இதில் சூட்சுமம். இந்த ரகத்துக்குப் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. கட்டைவிரலால் குதிரையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, விசையை மெல்ல அழுத்தி, தூங்குகிற பிள்ளையைத் தொட்டிலில் விடுகிற மாதிரி இறக்க வேண்டும். விரல் நழுவினால் வெடித்துவிடும். முப்பத்தொரு வருடத்தில் எனக்கு ஒரு தடவைகூட நழுவியதில்லை.

என் மனைவி மணிமேகலை இருந்தவரை அதை “ஒங்க மூத்த சம்சாரம்” என்றுதான் சொல்வாள். இளையவள் முதலில் போய்ச் சேர்ந்தாள்.

போன வருடம் என் வலது கண்ணில் புரை எடுத்தார்கள். கையும் லேசாக ஆட ஆரம்பித்திருந்தது. லைசென்ஸ் புதுப்பிக்க வேண்டிய நேரம். என் மகள் ஜீவிதா ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே ஆரம்பித்தாள்.

“அப்பா, கண்ணு இப்பிடி, கையி இப்பிடி. கலெக்டர் ஆபீஸ்ல டாக்டர் சர்டிபிகேட் கேட்டா என்ன சொல்லுவீக? பேசாம அவுக பேருக்கு மாத்திருவோம்ப்பா. வீட்டுக்குள்ளதான இருக்கப் போவுது.”

இருபத்தைந்து வருடத்துக்கு மேல் வைத்திருந்தவர் வாரிசுக்கு மாற்றலாம் என்று விதி இருக்கிறது. மருமகனும் வாரிசுதானாம். பிரபு நல்ல பையன். நாகல் நகரில் கண்காணிப்புக் கேமரா மாட்டுகிற கடை வைத்திருந்தான். மாடியில் வீடு, கீழே கடை. ஊரில் பாதிச் சுவரில் அவன் ட்ரில் போட்ட ஓட்டை இருக்கும். குடிப்பதில்லை. ஜீவிதாவை அதட்டிப் பேசிக்கூட நான் பார்த்ததில்லை. கண் ஆபரேஷன் நடந்த நாலு நாளும் ஆஸ்பத்திரியில் என் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. கையெழுத்துப் போட்டேன். ஆவணி மாதம் துப்பாக்கி அவன் பெயருக்கு மாறி, அவன் வீட்டு இரும்பு அலமாரிக்குப் போனது.

அதற்கடுத்த ஞாயிறு கிளப்புக்குப் போனோம். “பிரபு துப்பாக்கி வந்திருச்சு” என்று யாரோ சொன்னார்கள். இளவட்டம் ஒருவன் என் தோளைத் தொட்டு, “பெருசு, செத்த தள்ளி உக்காருங்க, பிரபு சார் வீடியோ எடுக்கப் போறாரு” என்றான். தள்ளி உட்கார்ந்தேன். அங்கே ஒரு வேப்பமரம் இருக்கிறது, நல்ல நிழல். நடந்த விஷயத்துக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. எதையும் விடாமல் எழுத வேண்டும் என்பதால் எழுதினேன்.

விஷயம் அந்த நாலு ஓட்டை. கிளப்பிலிருந்து திரும்பும்போது காரில் ஆரம்பித்தான்.

“மாமா, மேல ஒரு ரெயில் போடணும்.”

“கொடைரோட்டுக்கு ஒண்ணு வருதே மாப்பிள்ளை, பத்தாதா?”

“சிரிக்காதீங்க மாமா. இரும்புப் பட்டை. அதுக்கு மேல ஒரு கண்ணாடி. உள்ள செவப்பா ஒரு புள்ளி தெரியும். புள்ளிய வச்சா முடிஞ்சிச்சு, குறி பாக்கவே வேணாம். இப்ப எல்லாரும் லீவர்ல அதான் போடுறானுக. நாலே நாலு ஓட்டை. நம்ம ட்ரில்லே போதும்.”

“அதுல யாரும் இதுவரைக்கும் ஓட்டை போட்டதில்ல.”

“அப்ப நாமதான் மொதல்ல. அப்பறம் தோள்ல வைக்கிற மரக்கட்டையையும் மாத்தணும் மாமா. கறுப்புப் பிளாஸ்டிக் வருது. மழையில நனைஞ்சாலும் ஒண்ணும் ஆவாது.”

“இந்தக் கட்டை நூறு வருசமா ஊறியா போச்சு?”

அவன் சிரித்தான். “மாமா, இது துப்பாக்கி. கோயில்ல இருக்க மூலவரு இல்ல.”

அது முதல் தடவை கேட்டது. இரண்டாம் தடவை ஜீவிதா மூலமாகக் கேட்டேன். நேரில் சொல்ல எனக்குக் கூச்சமாக இருந்தது. அவள் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். “நாலு ஓட்டைக்கா மூஞ்சிய இப்பிடி வச்சிருக்கீக? எனக்குக் காது குத்துனப்பகூட நீங்க இம்புட்டுக் கலங்கலயேப்பா.”

உண்மைதான். அன்றைக்கு நான் கலங்கவில்லை. அவள் அழுதாள், மறுநாள் மறந்துவிட்டாள். காது தூர்ந்துகொள்ளும். இரும்பில் போட்ட ஓட்டை தூராது. இந்த வித்தியாசத்தை நான் யாருக்கு விளக்குவது?

ஆயுத பூஜை வந்தது. எங்கள் வீட்டில் ஒரு பழக்கம். ஆயுதம் வெறும் வயிற்றோடு சாமி முன்னால் இருக்கக்கூடாது என்று அப்பா ஆரம்பித்து வைத்தது. துப்பாக்கிக்குள் ஐந்து தோட்டா போட்டுத்தான் பூஜையில் வைப்போம். பூஜை முடிந்ததும் லீவரைத் தள்ளித் தள்ளி ஐந்தையும் வெளியே எடுத்துவிடுவோம். இந்த வருடம் பூஜை பிரபுவின் கடையில். ட்ரில் மெஷின், ஏணி, ஸ்க்ரூடிரைவர், கேமரா டப்பாக்கள், நடுவில் துப்பாக்கி. எல்லாவற்றுக்கும் ஒரே சரத்தில் வெட்டின செவ்வந்தி. ஆட்டையும் அரிவாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே மாலை போட்டது போலிருந்தது எனக்கு.

பிரபு பக்தியாகத்தான் செய்தான். லீவருக்கும் குதிரைக்கும் சந்தனம் தடவினான். தோட்டா ஒவ்வொன்றுக்கும் தலையில் சந்தனம் அப்பி உள்ளே தள்ளினான். “தோட்டாவுக்கு எதுக்கு மாப்பிள்ளை?” என்றேன். “அதுவும் ஆயுதந்தான மாமா” என்றான். முதல் தோட்டாவுக்குக் கொஞ்சம் தாராளமாகவே வைத்தான். பிறகு துப்பாக்கியின் மேல்புறத்தை எனக்குக் காட்டினான். கறுப்பு மார்க்கர் பேனாவால் நாலு புள்ளி வைத்திருந்தான், ஸ்கேல் வைத்து அளந்து. ஒவ்வொரு புள்ளியின் மேலும் சந்தனம் தொட்டு, அதற்கு மேல் குங்குமம் வைத்தான். நாலு பொட்டு.

“பொட்டு வச்சாச்சு மாமா. நாளைக்கி விஜயதசமி, நல்ல நாளு. காது குத்து. மாமன் மடியில வச்சுத்தான் குத்தணும். கரெக்டா வந்திருங்க.”

கடையில் இருந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல நகைச்சுவை. நானே சொல்லியிருந்தால் ஒரு வாரத்துக்கு ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்திருப்பேன்.

சுண்டல் கொடுத்து முடிந்து, பொழுது சாய்கிற நேரம். “மாமா, தோட்டாவ எடுத்து வச்சிருங்க, நீங்கதான் பழகுன கையி” என்றான். அலமாரி பக்கத்தில் உட்கார்ந்து எடுத்தேன். லீவரைத் தள்ளினேன், ஒன்று. இன்னொன்று. மூன்று, நாலு. ஐந்தாம் தடவை தள்ளினேன், ஒன்றும் வரவில்லை. இன்னும் இரண்டு தடவை தள்ளினேன். வரவில்லை. முதலில் உள்ளே போன தோட்டா, சந்தனம் அதிகமாக அப்பியது, குழாயின் கடைசியில் ஈரச் சந்தனத்தோடு ஒட்டிக்கொண்டுவிட்டது.

அதை வெளியே எடுப்பது ஒன்றும் பெரிய வேலை இல்லை. குழாயின் முனையில் ஒரு திருகு இருக்கிறது. பிரபுவிடம் ஸ்க்ரூடிரைவர்கள் பூவும் பொட்டுமாகவே இருந்தன. ஆனால் நான் கேட்கவில்லை. நாலு தோட்டாவையும் டப்பாவில் போட்டு, அதில் ஏற்கெனவே நிறையத் தோட்டாக்கள் இருந்தபடியால் எண்ணிப் பார்க்க யாருக்கும் தோன்றாது என்பதையும் யோசித்து, அலமாரியைச் சாத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று அப்போது என்னைக் கேட்டிருந்தால், மறந்துவிட்டேன் என்றுதான் சொல்லியிருப்பேன். இப்போது நீங்கள் கேட்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மறக்கவில்லை. ஊருக்குப் போய் இரண்டு தோசை சாப்பிட்டேன், நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் காலை பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். மீரான் வந்திருந்தார். பிரபு ஒரு கட்டையில் துணி விரித்து, ட்ரில்லில் மெல்லிய அலகு மாட்டி வைத்திருந்தான். சந்தனப் பொட்டுகள் காய்ந்து வெளுத்திருந்தன.

மூன்றாம் தடவை கேட்டேன். “மாப்பிள்ளை, இன்னொரு தடவ யோசிங்க.”

“மாமா, ட்ரில்லுக்கே பூஜை போட்டாச்சு. இனிமே அது சும்மா இருந்தா சாமிக் குத்தம்.”

மீரான் என் பக்கம்தான் பேசினார். “பிரபு தம்பி, அண்ணன் மனசு சங்கடப்படுறாரு. வேற ஒண்ணு வாங்கி அதுல ஓட்டை போடுப்பா.”

“நீங்க வேற மீரான் பாய். ஓட்டை போட்டு முடிச்சா மாமாவே மொத ஆளா வந்து புள்ளிய வச்சுச் சுடுவாரு பாருங்க. அவருக்கு இப்ப கண்ணு வேற சரியா தெரியல, அவருக்குத்தான் இது ஒதவும்.”

அவன் அதை அன்பாகத்தான் சொன்னான். என் கண்ணுக்காகத்தான் அந்தப் புள்ளி என்று அவன் உண்மையாகவே நினைத்திருக்கலாம். இதை நான் பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். யோசித்தும் என் முடிவு மாறவில்லை.

ட்ரில் போடும் முன் குழல் உள்ளே சுத்தமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றான். மற்றத் துப்பாக்கிகளில் பின்பக்கத்திலிருந்து குழலுக்குள் பார்க்கலாம். லீவர் துப்பாக்கியில் பின்பக்கம் அடைத்திருக்கும். அதனால் ஓர் ஆள் லீவரைத் திறந்து அந்த இடைவெளியில் வெள்ளைத் தாள் வைத்துப் பிடிக்க வேண்டும், இன்னோர் ஆள் முன்பக்கம் குழல் வாயில் கண்ணை வைத்துப் பார்க்க வேண்டும். எந்தத் துப்பாக்கியிலும் செய்யக்கூடாத காரியம், இதில் அதுதான் முறை. பின்பக்கம் நான் பிடிக்கிறேன் என்று நானே சொன்னேன்.

பிடிப்பதற்கு முன் மீரான் பார்க்க லீவரை மூன்று தடவை தள்ளிக் காட்டினேன். ஒன்றும் வரவில்லை. “காலிதான்” என்றார் மீரான். அவர் உங்களிடம் கொடுத்த சாட்சியம் ஒவ்வொரு எழுத்தும் உண்மை. அவர் மேல் எந்தத் தவறும் இல்லை.

லீவரைத் திறந்து தாளை வைத்தேன். பிரபு குனிந்து கண்ணை வைத்தான். “மாமா, கொஞ்சம் தூக்குங்க. வெளிச்சம் பத்தல.” குழலைத் தூக்கினேன். தூக்கும்போது இடது கை முட்டியால் அடிக் குழாயை இரண்டு தட்டு தட்டினேன். இரவெல்லாம் காய்ந்த சந்தனம் பொருக்காக உதிர்ந்துவிடும் என்று எனக்குத் தெரியும். தோட்டா பின்னால் வந்து நின்றதை உள்ளங்கையில் உணர்ந்தேன். சின்ன அசைவு. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். தாளை எடுத்துவிட்டு லீவரை மூடினேன்.

“என்ன மாமா, இருட்டாயிருச்சு” என்றான்.

அதன் பிறகு அவன் ஒன்றும் சொல்லவில்லை.

நான் உங்களிடம் சொன்னது இது: தவறி லீவர் மூடிக்கொண்டது, குதிரை நிமிர்ந்திருந்தது, பயந்துபோய் அதை இறக்கப் பார்த்தேன், கை நடுக்கம், கட்டைவிரலில் சந்தனம், வழுக்கிவிட்டது. நீங்கள் எனக்குத் தண்ணீர் கொடுத்து, “அழாதீங்கய்யா” என்றீர்கள். அழுகை நிஜம்தான். நீங்கள் ஒன்றைக் கேட்க விட்டுவிட்டீர்கள். பூஜை முந்தின நாள். சந்தனம் ஈரமாக இருந்தால்தான் வழுக்கும். காய்ந்த சந்தனம் வழுக்காது, சொரசொரவென்று பிடித்துக்கொள்ளும். குதிரையின் மேல் அன்று காலையில் காய்ந்த சந்தனம்தான் இருந்தது. என் கட்டைவிரல் அதன் மேல் நன்றாகப் பதிந்திருந்தது. விசையை அழுத்திக்கொண்டே விரலை எடுத்தேன். கை நடுங்கவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் என் கை ஆடாமல் இருந்தது.

ஆகவே, துப்பாக்கி பழுது என்பது தவறு. அதில் தோட்டா சிக்கியது சந்தனத்தால், இயந்திரக் கோளாறால் இல்லை. விசை சரியாக வேலை செய்தது. குதிரை சரியாக விழுந்தது. நூறு வருடத்துக்கு முன் செய்த சாமான், செய்யச் சொன்னதைச் செய்தது. சொன்னவன் நான். பிரபுவைக் கொன்றது நான், தெரிந்தே, முந்தின நாள் மாலையிலிருந்து யோசித்து.

வருத்தமா என்று கேட்பீர்கள். பிரபுவுக்காக வருத்தம் உண்டு. அவன் காரியத்தில் எல்லாரையும்விட அதிகம் அழுதது நான்தான், கேட்டுப் பாருங்கள். செய்ததற்காக வருத்தம் இல்லை. மூன்று தடவை கேட்டேன். ஒருவன் நூறு வருடம் ஓட்டையில்லாமல் இருந்த ஒன்றில் ஓட்டை போடுகிறேன் என்கிறான். அது சரி என்று சட்டம் சொல்கிறது, அவன் பெயரில் இருக்கிறது என்கிறது. எனக்குச் சொல்ல ஓர் உரிமையும் இல்லை என்று எல்லாரும் சிரித்தார்கள். என்னிடம் இருந்த ஒரே பதிலை நான் சொன்னேன். திரும்பவும் அதே காலை வந்தால் அதே பதில்தான். நீதிபதி ஐயா கேட்டாலும் இதையேதான் சொல்வேன். தலையைக் குனிந்து சொல்ல மாட்டேன்.

கவனக்குறைவு வழக்கு என்றால் துப்பாக்கியை அடுத்த மாதமே உலையில் போட உத்தரவாகிவிடும். கொலை வழக்கு என்றால் அது முக்கியச் சான்று. மேல்முறையீடு எல்லாம் முடிகிற வரை அழிக்க முடியாது, பத்துப் பன்னிரண்டு வருடமாவது பத்திரமாக இருக்கும் என்று ஸ்டான்லி ஒருமுறை பேச்சுவாக்கில் சொன்னார். எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்குத் தெரியாது. சான்று அறையில் ஈரம் அதிகம் என்று கேள்விப்பட்டேன். மாதம் ஒருமுறை யாராவது மெல்லிய எண்ணெய் தொட்டுத் துடைத்தால் போதும். நல்லெண்ணெய் வேண்டாம், பிசுக்குப் பிடிக்கும். நாலு புள்ளியும் மார்க்கர் மைதான், ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் போய்விடும்.

கடைசியாக ஜீவிதாவைப் பற்றி. நாலு மாதமாக அவள் என்னோடுதான் சேவுகம்பட்டி வீட்டில் இருக்கிறாள். கடையைப் பூட்டிவிட்டாள். நேரத்துக்குச் சோறு போடுகிறாள். என் கண்ணுக்குச் சொட்டு மருந்து விடுகிறாள். நான் சும்மா உட்கார்ந்திருந்தால் பக்கத்தில் வந்து, “நீங்க என்னப்பா பண்ணுவீக, வேணும்னா செஞ்சீக?” என்று என் தலையைத் தடவிவிடுகிறாள். அதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் மாத்திரம் அவள் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டு ஸ்டான்லியிடம் கொடுத்தாள். அந்தத் துப்பாக்கியை உடனே உருக்கிவிட வேண்டும் என்று பிரபுவின் மனைவியாகக் கோர்ட்டுக்கு மனு.

“அந்தப் பாழாப்போன இரும்புதானப்பா அவுகளத் தின்னுச்சு. அது என் கண்ணு முன்னால கொழம்பாக் காய்ச்சி ஊத்துனாத்தான் எனக்கு ஆறும்” என்றாள்.

ஒரு பாவமும் அறியாத ஒன்றின் மேல் இப்படிப் பழி போட்டால் யாருக்குத்தான் மனம் தாங்கும்? அன்றைக்கு முழுக்க நான் அவளோடு பேசவில்லை. ராத்திரிச் சோறும் சாப்பிடவில்லை. அவளுக்குக் காரணம் தெரியவில்லை, பாவம். இந்தக் காகிதத்தைப் படித்தபின் தெரியும். அவளிடம் நீங்களே பக்குவமாக எடுத்துச் சொல்லுங்கள் அம்மா. சின்னப் பெண், துக்கத்தில் பேசிவிட்டாள். நான் எதையும் மனதில் வைத்துக்கொள்ளவில்லை. அவளை மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுங்கள்.